ஒருக்களித்துப் படுத்து உறவு: கணவருக்கு டிஸ்க், மனைவிக்கு முழங்கால். எந்த நிலை ஒத்துவரும்?

மருதம்78 (கேள்வி)

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். கணவருக்கு வயது 44. எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. நான்கு மாதம் பிசியோதெரபி போனது, இப்போது அன்றாட வேலைகளுக்குத் தடையில்லை. குனிந்தாலும், அரை மணிக்கு மேல் உட்கார்ந்தாலும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எனக்கு 41. வலது முழங்காலில் தேய்மானம். மண்டியிட முடியாது, சம்மணம் போட முடியாது. தாம்பத்திய உறவு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டதற்கு, "ஒருக்களிச்சுப் படுத்துக்கங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்.

அந்த ஒருக்களித்தலில்தான் சிக்கல். அவர் என் முதுகுப் பக்கம் படுக்கும் நிலையில் மறுநாள் காலை அவருக்கு இடுப்பு விறைத்துப்போகிறது. கீழே மாட்டிக்கொள்ளும் கை பத்து நிமிடத்தில் மரத்துவிடுகிறது. உறுப்பு அடிக்கடி வெளியே வந்துவிடுகிறது. முகம் தெரியாததால் அவருக்கு வலிக்கிறதா என்று எனக்குப் புரிவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். மரக்கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, நான்கு தலையணை இருக்கின்றன. யார் எந்தப் பக்கம் படுப்பது, தலையணையை எங்கே வைப்பது, நடுவில் எப்படிப் பேசிக்கொள்வது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தசைநாண்

மருதம், "குனிந்தாலும் உட்கார்ந்தாலும் பிடிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. இடுப்பு வலியில் இரண்டு வகை உண்டு. முன்பக்கம் வளைந்தால் கூடும் வலி ஒன்று: தரையிலிருந்து குடத்தைத் தூக்கும்போது, ஷூ மாட்டும்போது, வெகுநேரம் பைக் ஓட்டும்போது வருவது. பின்பக்கம் வளைந்தால் கூடும் வலி இன்னொன்று: பரணில் இருப்பதை எட்டி எடுக்கும்போது, குப்புறப் படுக்கும்போது, நெடுநேரம் நிற்கும்போது வந்து, உட்கார்ந்தால் குறைவது. டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் வகை. தண்டுவடப் பாதை குறுகியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இந்த வித்தியாசம் தெரியாமல் "ஒருக்களித்துப் படு" என்று எல்லோருக்கும் ஒரே மருந்தாகச் சொல்வது சரியில்லை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடாலி சிடோர்கெவிச், ஸ்டூவர்ட் மெக்கில் இருவரும் உறவின்போது முதுகெலும்பு எப்படி அசைகிறது என்பதைக் கேமரா, சென்சார் வைத்து அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். அதுவரை எல்லா முதுகு வலிக்கும் ஸ்பூனிங்தான், அதாவது இருவரும் ஒரே திசை பார்த்து ஒருவர் பின் ஒருவர் படுப்பதுதான், பொதுவாகப் பரிந்துரைக்கப்பட்டது. குனிந்தால் வலிக்கும் ஆண்களுக்கு அது நல்ல தேர்வு இல்லை என்று அந்த அளவீட்டில் தெரிந்தது. பின்னால் படுப்பவர் ஒவ்வொரு அசைவிலும் இடுப்பைச் சுருட்டிச் சுருட்டி முன்னே தள்ளுகிறார். அது படுத்தபடி குனிவதுதான். உங்கள் கணவருக்கு மறுநாள் காலையில் விறைப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பின்பக்கம் வளைந்தால் வலிப்பவர்களுக்கு அதே நிலை நன்றாக ஒத்துவரும்.

அதற்காக ஸ்பூனிங்கை விட்டுவிட வேண்டாம். நான்கு இடங்களில் திருத்தினால் போதும்.

முதலில் பக்கம். உங்கள் வலது முழங்கால் மேலே வர வேண்டும், ஆகவே நீங்கள் இடப்பக்கமாகப் படுங்கள். அவரும் இடப்பக்கமாக, உங்கள் பின்னால். அவருக்கு வலி காலில் இறங்குவதுண்டு என்றால் இறங்கும் கால் மேலே இருப்பது நல்லது. அது இடது காலாக இருந்தால் இந்த ஏற்பாடு மோதும். அப்போது கீழே சொல்லும் மற்ற நிலைகளுக்குப் போய்விடுங்கள்.

அடுத்து தலையணை. உங்கள் இரு முழங்கால்களுக்கும் நடுவே ஒன்று. மேல்கால் இடுப்பு உயரத்திலேயே நிற்கும் அளவுக்குத் தடிமன் வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணை அமுங்கிவிடும் என்பதால் இரண்டாக மடித்து வையுங்கள். மெலிதாக இருந்தால் மேல் முழங்கால் முன்பக்கம் சரிந்து மெத்தையைத் தொடும், அதோடு இடுப்பும் முறுகும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முழுக்காலும் தலையணைமேல் இருக்கட்டும். முழங்கால் மட்டும் மேலே இருந்து பாதம் கீழே தொங்கினால் தேய்ந்த மூட்டில் இழுப்பு விழும். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மெத்தையைத் தொடாத பள்ளம் ஒன்று இருக்கும். ஒரு துண்டை மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிமனுக்கு மடித்து அங்கே செருகுங்கள். கணவருக்கும் அப்படியே. இது சின்ன வேலைதான், ஆனால் முதுகெலும்பு பக்கவாட்டில் தொய்வதைத் தடுப்பதில் இதற்கு நிகர் இல்லை.

மூன்றாவது கோணம். இரண்டு தலையும் ஒரே தலையணையில், முதுகோடு மார்பு ஒட்டி இருந்தால் இடுப்புகள் சரியாகச் சேராது. உறுப்பு வெளியே வருவதற்கு முக்கியக் காரணம் இது. தலைகளை விலக்குங்கள், இடுப்புகளைச் சேருங்கள். மேலிருந்து பார்த்தால் விரித்த கத்தரிக்கோல் மாதிரி இருக்க வேண்டும். நீங்கள் மேலுடம்பைச் சற்று முன்னே சாய்த்து, ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அவர் மேலுடம்பைப் பின்னே சாய்க்கட்டும். முப்பது டிகிரி விலகல் போதும். உயர வித்தியாசம் இருந்தால் தலையை வைத்து அளவு பார்க்காதீர்கள், இடுப்பை வைத்துப் பாருங்கள். குள்ளமானவர் கட்டிலில் கீழே இறங்கிப் படுப்பதுதான் வழி. உங்கள் மேல் முழங்காலைக் கொஞ்சம் முன்னே கொண்டுபோனாலே நுழைவு எளிதாகும். மார்பு வரை மடக்க வேண்டியதில்லை.

நான்காவது அசைவு. இது அவருக்கு. அசைவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முதுகிலிருந்து அல்ல. இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைச் சாத்துவோமே, அந்த அசைவு. அதில் முதுகு வளைவதில்லை, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில்தான் உடம்பு மடங்குகிறது. பகலில் நின்றபடி பத்து முறை செய்து பார்க்கட்டும்; ஒரு கையை அடிமுதுகில் வைத்துக்கொண்டால் முதுகு அசைகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு அதையே ஒருக்களித்துப் படுத்துச் செய்யட்டும். அது கைவரும்வரை அசைவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் அசையாமல் இருக்கட்டும். ஒருவர் அசையும்போது மற்றவர் நிற்பது உறுப்பு வெளியே வருவதையும் குறைக்கும். இருவரும் எதிரெதிராக அசைந்தால் தூரம் இரட்டிப்பாகிறது.

நேரத்தையும் கவனியுங்கள். இரவு முழுவதும் படுத்திருக்கையில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது அதற்கு ஆகாது. கண் விழித்தவுடன் வைத்துக்கொள்ளும் உறவைவிட, காலையில் எழுந்து நடமாடிய பிறகோ முன்னிரவிலோ வைத்துக்கொள்வது அவருக்கு நல்லது. வெந்நீர் குளியலோ, பத்து நிமிடம் சூடான ஒத்தடமோ முன்னதாக இருந்தால் இரண்டு பேருக்கும் உதவும்.

தசைநாண்

கை மரப்பதை விட்டுவிட்டேன். அவர் உங்கள் தலைக்கு அடியில் கையை நீட்டியிருந்தால் தலையின் எடை மேல்கை நரம்பை நேராக அழுத்தும். மனைவியின் தலையைத் தாங்கித் தூங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போவதற்கு மருத்துவத்தில் "ஹனிமூன் பால்ஸி" என்றே பெயர் உண்டு. உங்களுக்குத் தனித் தலையணை வைத்து, தலையணைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்தடியில் இருக்கும் இடைவெளியில் அவர் கையை விடட்டும். இல்லாவிட்டால் அந்தக் கையைத் தன் தலையணைக்குக் கீழே மடித்துக்கொள்ளட்டும். தலையணை உயரம் தோளுக்கும் காதுக்கும் உள்ள தூரத்துக்குச் சமமாக இருந்தால் கழுத்து நேராக நிற்கும். மரப்பு வந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம்தானே என்று பொறுப்பது தவறு.

தாதி_அக்கா

தசைநாண் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மருதம் கேட்டதில் பாதி, முகம் தெரியவில்லை என்பதுதான். அதற்கு இரண்டு நிலைகள் இருக்கின்றன.

ஒன்று, முகம் பார்த்து ஒருக்களிப்பது. அமெரிக்காவில் தம்பதிகளுக்குச் சிகிச்சை கொடுத்த வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் 1970-இலேயே பக்கவாட்டு நிலையைச் சிறப்பாகப் பரிந்துரைத்தார்கள். ஒருவர் எடையில் மற்றவர் அடைபட்டுக் கிடக்காமல், இருவருக்கும் அசைவு சுதந்திரம் கிடைக்கும் என்பதுதான் காரணம். நீங்கள் இடப்பக்கம், அவர் வலப்பக்கம், எதிரெதிரே. உங்கள் வலது காலை அவர் இடுப்பின்மேல் போடுங்கள். இங்கேதான் பலருக்கும் தவறு நடக்கும்: கால் முழு எடையையும் அவர் விலாவில் இறக்கினால் ஐந்து நிமிடத்தில் அவருக்குக் கனக்கும், உங்கள் முழங்காலும் தொங்கும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நிறுத்தி வைத்து, உங்கள் கணுக்கால் அதன்மேல் இறங்கும்படி பாருங்கள். எடை தலையணைக்குப் போய்விடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் உருட்டுத் தலையணை ஒன்று இருந்தால் பின்னே சரியாமல் சாய்ந்துகொள்ளலாம்.

இந்த நிலையில் நுழைவு ஆழமாக இருக்காது, அசைவும் குறைவுதான். அது குறையாகத் தோன்றும் சிலருக்கு. ஆழமான நுழைவில் அடிவயிற்றில் வலி வரும் பெண்களுக்கு இதுவே நிம்மதி. மேலே இருக்கும் கை இருவருக்கும் விடுதலையாக இருக்கிறது. நுழைவு மட்டுமே எல்லாப் பெண்களையும் உச்சத்துக்குக் கொண்டுபோவதில்லை. நிறையப் பேருக்குக் கிளிட்டோரிஸில், அதாவது பெண்ணுறுப்பின் மேல்பக்கம் இருக்கும் சிறு மொட்டில், கை தொடுகை வேண்டியிருக்கிறது. ஒருக்களித்த நிலைகளில் அதற்கு வழி இருக்கிறது, மேலே ஒருவர் கீழே ஒருவர் படுக்கும்போது அவ்வளவு இல்லை. கணவர் கைதான் வேண்டும் என்பதில்லை, மனைவியே தொட்டுக்கொள்வதில் தவறு எதுவும் கிடையாது.

இரண்டாவது நிலை உங்கள் இருவருக்கும் பொருத்தமானது என்று நினைக்கிறேன். நீங்கள் மல்லாந்து படுங்கள். அவர் உங்களுக்குக் குறுக்காக, வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒருக்களித்து உங்களைப் பார்த்தபடி படுக்கட்டும். அவர் இடுப்பு உங்கள் பின்பக்கத்தை ஒட்டி இருக்கும், இருவரும் சேர்ந்து ஆங்கில டி எழுத்து மாதிரி. உங்கள் இரண்டு கால்களும் மடங்கி அவர் இடுப்பின்மேல் கிடக்கும். முழங்கால் தானாக மடங்கிய நிலையில் ஓய்வாக இருக்கிறது, எடை தாங்குவதில்லை. அவர் முதுகு நேராக இருக்கிறது, யாரையும் எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. முகம் தெரியும், கை எட்டும், பேசலாம். கட்டில் அகலம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலடிக் கட்டிலில் அவர் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலின் நீளவாக்கில் அவர், அகலவாக்கில் நீங்கள் என்று படுத்து, உங்கள் தலைப் பக்கம் இடம் போதாவிட்டால் மெத்தையைத் தரையில் விரித்துவிடலாம். அவர் தலைக்கு உயரமான தலையணை வேண்டும், இல்லாவிட்டால் உங்களைப் பார்க்கக் கழுத்தைத் தூக்கியே வைத்திருப்பார்.

வறட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியதும், பால் கொடுக்கும் மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பெண்ணுறுப்பில் ஈரம் குறையும். விருப்பம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் நீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி அளவு, இருவருக்கும் தடவுங்கள். நடுவில் காய்ந்துபோனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டாலே மறுபடி வழவழப்பாகும். ஜெல்லைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள், எழுந்துபோய் எடுக்க வேண்டியிருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆணுறை பயன்படுத்துகிறீர்கள் என்றால் தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதுவும் கூடாது. எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் ரப்பர் பலவீனமாகிக் கிழியும். எரிச்சல் வந்தால் கிளிசரின், வாசனை சேர்க்காத ஜெல்லாக மாற்றுங்கள். ஒருக்களித்த நிலையில் ஆணுறை நழுவும் வாய்ப்பு உண்டு, காரணம் உறுப்பு வெளியே வந்து வந்து போவதுதான். வெளியே எடுக்கும்போது விறைப்பு தளர்வதற்கு முன், அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

செவ்வந்தி_திருச்சி

இடையில் ஒரு கேள்வி. ஏழாம் மாதக் கர்ப்பத்தில் மேலே சொன்ன டி நிலை செய்யலாமா? மல்லாந்து படுக்கக் கூடாது என்கிறார்களே.

தாதி_அக்கா

செவ்வந்தி, முதல் ஐந்து மாதம்வரை பிரச்சினை இல்லை. அதன்பின் மல்லாந்தால் கர்ப்பப்பையின் எடை, வயிற்றின் பின்புறம் ஓடும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். தலை சுற்றும், வியர்க்கும், படபடக்கும். ஏழாம் மாதத்தில் முழு மல்லாத்தல் வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்து, கணவர் பின்னால் இருக்கும் நிலைதான் சுலபம். வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை ஒன்று, முழங்கால் நடுவே ஒன்று. வலப்பக்கம் திரும்பிவிட்டால் பயப்பட வேண்டாம், மல்லாராமல் இருப்பதுதான் முக்கியம்.

குழந்தைக்கு அடிபடும் என்ற பயம் தேவையில்லை, அது பனிக்குடத்துக்குள் இருக்கிறது. ஆனால் நஞ்சுக்கொடி கீழிறங்கி இருக்கிறது, கர்ப்பப்பை வாய் தளர்வு, பனிக்குட நீர்க்கசிவு, ரத்தக் கசிவு, குறைமாதப் பிரசவ வலி என்று எதையாவது டாக்டர் சொல்லியிருந்தால் எந்த நிலையிலும் உறவு கூடாது. உச்சத்துக்குப் பிறகு வயிறு சற்று நேரம் இறுகித் தளர்வது வழக்கம்தான். அது அடங்காமல் விட்டு விட்டு வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெல்லப்பேசு

தம்பதி ஆலோசனை சார்ந்து எழுதுகிறேன். மருதம், "ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் வலியை மூடும் மூன்று சொற்கள் உண்டு: ஒண்ணுமில்ல, பரவாயில்ல, சரி. படுக்கையில் "பரவாயில்ல" என்று கேட்டால் "வலிக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன்" என்றே புரிந்துகொண்டு அசைவை நிறுத்துங்கள். "சரி" என்பது அதைவிடச் சிக்கலானது. விருப்பத்தோடு வரும் சரிக்கும், உனக்காகச் சரி என்பதற்கும் எழுத்தில் வித்தியாசமே இல்லை. ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும்.

"வலிக்குதா?" என்று கேட்டால் பெரும்பாலான ஆண்களிடமிருந்து "இல்ல" என்றுதான் வரும். "இடுப்பு எத்தனை?" என்று கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண், அவ்வளவுதான். எண் சொல்வதில் மானப் பிரச்சினை இல்லை. மூன்றுவரை தொடரலாம், நான்கு என்றால் தலையணையைச் சரிசெய்ய வேண்டும், ஐந்தைத் தொட்டால் நிலையை விட வேண்டும். இந்த அளவுகோலை முந்தைய நாளே, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது பேசி வையுங்கள். கட்டிலில் வைத்துப் புதிதாக விதி போட்டால் அது குற்றம் சாட்டுவது போல் கேட்கும்.

முகம் தெரியாத நிலையில் கைக்கு வேலை கொடுங்கள். முன்னால் இருக்கும் நீங்கள் பின்னால் கையை நீட்டி அவர் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கையை அழுத்தினால் "இதுவே நல்லாயிருக்கு". ஒரு தட்டு "மெதுவா". இரண்டு தட்டு "நிறுத்து". அவருக்கும் இதே குறிகள், உங்கள் தோளில். கை இன்னொரு பயனும் தரும்: வலி வருவதற்கு முன்பே அவருடைய இடுப்புத் தசை இறுகுவதை உங்கள் உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். மூச்சைக் கவனியுங்கள். இன்பத்தில் மூச்சு வேகமாகும், வலியில் அடைபட்டு நிற்கும். பின்னால் இருப்பவரின் மூச்சு உங்கள் கழுத்தில் படும், அது நின்றுபோனால் கேளுங்கள்.

"நிறுத்து" என்று ஒருவர் சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும், காரணம் அப்புறம்தான். ஆனால் நிறுத்துவது என்றால் விலகித் திரும்பிப் படுப்பது இல்லை. அப்படிச் செய்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உறவை நிறுத்திவிட்டு அணைத்தபடியே இருங்கள், தலையணையைச் சரிசெய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள். மறுபடி தொடங்கலாம், தொடங்காமலும் இருக்கலாம்.

சொல்லும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம்: எது வேண்டாம் என்பதைவிட எது வேண்டும் என்று சொல்லுங்கள். "அப்படிப் பண்ணாதீங்க" என்பது கதவை மூடுகிறது. "கொஞ்சம் மேல", "இப்படியே இருங்க", "கையை எடுக்காதீங்க" என்பவை வழி காட்டுகின்றன. சொற்கள் குறைவாக, குறிப்பாக இருக்கட்டும்.

நான்கு மாதம் வலி, பயம், பிசியோ என்று போன பிறகு நேராக நுழைவுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலே தாதி அக்கா குறிப்பிட்ட அதே மாஸ்டர்ஸ், ஜான்சன் கொண்டுவந்த முறை ஒன்று இன்றுவரை ஆலோசனைகளில் பயன்படுகிறது. முதல் சில முறை உறவே கிடையாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. ஒருக்களித்து முகம் பார்த்துப் படுத்து, பதினைந்து இருபது நிமிடம் ஒருவர் தொட, மற்றவர் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. அடுத்தடுத்து அவற்றைச் சேர்க்கலாம், நுழைவு கடைசியில். இலக்கு இல்லை என்று தெரிந்ததும் உடல் இறுக்கம் விடுகிறது. விறைப்பு நிற்குமா என்ற கவலை இருக்கும் ஆண்களுக்கு இது மிகவும் பயன்படும். வலி நிவாரணிகளும் நரம்பு வலி மாத்திரைகளும் விறைப்பையும் விருப்பத்தையும் குறைக்கக்கூடும் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். தன் ஆண்மை போய்விட்டது என்று அவர் தனியாக மருகிக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்டால் மாற்று மாத்திரை பார்க்கலாம். தானாக நிறுத்தக் கூடாது.

மருதம்78

எல்லோருக்கும் நன்றி. எண் சொல்லும் முறையை அவரிடம் சொன்னதும் ஒப்புக்கொண்டார். இரண்டு சந்தேகம் மீதி. அந்த நிலைகளிலிருந்து எழுந்திருக்கும்போதுதான் சில சமயம் சுருக்கென்று பிடிக்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது? மறுநாள் எவ்வளவு வலி இருந்தால் பரவாயில்லை, எதற்கு மேல் டாக்டரிடம் போக வேண்டும்?

தசைநாண்

எழும்போது பிடிப்பதற்குக் காரணம், உடம்பை முறுக்கி எழுவது. தோள் ஒரு பக்கம் திரும்பிவிடும், இடுப்பு இன்னும் படுக்கையிலேயே இருக்கும். உறவு முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக, மரம் உருள்வது போலக் கட்டில் விளிம்புக்கு உருள வேண்டும். கால்களை விளிம்புக்கு வெளியே இறக்கும்போதே மேல்கையால் மெத்தையை ஊன்றித் தள்ளினால், கால் இறங்கும் எடையே உடம்பை நிமிர்த்திவிடும். மல்லாந்த நிலையிலிருந்து வயிற்றைச் சுருக்கி நேராக எழுவது அவருக்கு ஆகாது. படுப்பதற்கும் இதே வழிதான், தலைகீழாக. மெத்தையைத் தரையில் போட்டிருந்தால் உருண்டு, கைகளை ஊன்றி, பக்கத்தில் ஒரு முக்காலியைப் பிடித்து எழட்டும். உங்கள் முழங்காலுக்குத் தரை மெத்தை கஷ்டம். டி நிலைக்காகக் கீழே விரித்தால் கனமான நாற்காலி ஒன்றையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தை நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் இடுப்பு அதில் இறங்கிவிடும், மேலே சொன்ன துண்டு மடிப்பும் பலன் தராது. வெயிலில் காயவைத்துத் தட்டிப் போடுங்கள். அப்படியும் அமுங்கினால் அதன் கீழே தேங்காய் நார் மெத்தை ஒன்று போதும்.

மறுநாள் வலிக்கு ஒரு கணக்கு: இடுப்பில் இருக்கும் வலி 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் நிலை பொருந்துகிறது. இரண்டாம் நாளும் நீடித்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது வேறு நிலைக்கு மாறுங்கள். வலி இடுப்பிலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் அந்த நிலை ஒத்துவரவில்லை என்று பொருள், இடுப்பில் வலி குறைந்திருந்தாலும் சரி. கீழே இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால் அது நல்ல குறி.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரு தொடையின் உட்பக்கமும் மலவாயைச் சுற்றியும் உணர்ச்சி குறைவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது. உறவின்போது உணர்ச்சி திடீரென்று மந்தமானாலும் இதே கணக்குத்தான். வெட்கப்பட்டு இதை மட்டும் டாக்டரிடம் மறைத்துவிடாதீர்கள்.

தாதி_அக்கா

மருதம், உங்கள் முழங்காலுக்கு ஒன்று விட்டுப்போனது. அரைமணி நேரம் ஒரே மடக்கில் வைத்திருந்தால் தேய்ந்த மூட்டு இறுகிவிடும். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பாதவிரல்களை உங்கள் முகத்தை நோக்கி இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், அரை நிமிடத்தில் விடும். கால்விரலைக் கூர்மையாக நீட்டி வைப்பதுதான் பிடிப்புக்கு முக்கியக் காரணம்.